பகலில் தூங்க ஓர் அறை

தூக்கம் என்பது கண்ணை மூடினால் தானாக வருகிற சமாச்சாரம் என்றுதான் நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் என்னை நிரந்தரமாக நைட் ஷிப்டில் போட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. நான் வேலை பார்க்கும்போது ஊர் தூங்குகிறது, சரி, தூங்கிவிட்டுப் போகட்டும். நான் தூங்கும்போது ஊர் எவ்வளவு சத்தமாக வேலை பார்க்கிறது என்பதை ஒரு பயலும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்போர்ஷனில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. படுக்கையறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் கிழக்கே தெருவைப் பார்த்து. நான் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, நாலு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு படுக்கிற நேரமும், சூரியன் அந்த ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

மனைவிக்கு நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவாள். நான் ஒன்பதுக்குக் கிளம்புவேன். அவள் வாசற்படியில் செருப்பைக் கழற்றுவாள், அதே படியில் நான் ஷூ மாட்டுவேன். "சாப்ட்டீங்களா?" என்பாள். "ஆச்சு, நீ சாப்பிடு" என்பேன். காலையில் நான் வந்து படுக்கிற ஒரு மணி நேரத்தில் அவளுக்குச் சமையலும் எனக்குக் கொட்டாவியும் சரியாக இருக்கும்.

முதல் மாதம் நான் மொத்தமாக எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். ஒரு நாள் காலை பைக்கில் வரும்போது கோரிமேட்டுக்கு முன்னால் ஒரு நொடி கண் இருட்டியது. ஒரு நொடிதான். கண்ணைத் திறந்தால் பைக் ரோட்டில் இல்லை, நானும் பைக்கில் இல்லை. ரெண்டு பேரும் ஓரத்து முள்புதரில் கிடந்தோம். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, "யோவ், எனக்குப் புள்ளக் குட்டி இருக்குயா" என்று கத்தினார். ஏதோ நான் அவரைக் கொல்லப் பார்த்த மாதிரி.

முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. மனைவி டிங்க்சர் தடவிக்கொண்டே ஒரே பேச்சு பேசினாள். "ஒழுங்காத் தூங்கிட்டு வேலைக்குப் போறதுன்னா போங்க. இல்லன்னா வேலைய விட்டுட்டு வீட்ல உக்காருங்க. என்னத் தாலிய அறுத்துட்டு உக்கார வச்சிடாதீங்க." வேலையை விடுகிற நிலைமையில் நாங்கள் இல்லை, அது அவளுக்கும் தெரியும். ஆகவே தூங்கியே ஆகவேண்டும். அன்றைக்கு ஆரம்பித்தது அந்த அறையோடு என் சண்டை.

முதலில் ஜன்னல். கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி வந்து கண்ணாடி முழுக்க ஒட்டினேன். ஓரங்களுக்குப் பிளாஸ்திரி. அதற்குமேல் கெட்டியான நீலத் துணியில் ரெட்டை ஸ்கிரீன், மனைவியே கடையிலிருந்து எடுத்துவந்து தைத்துக் கொடுத்தாள். ஸ்கிரீனுக்குக் கம்பி மாட்ட ஆணி அடிக்கப் போனால், மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்துவிட்டார்.

அவரைத் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். சொல்தா இறந்து பல வருஷம் ஆகிறது. மதாமுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். சுவரில் ஆணி என்றால் அவருக்கு உடம்பில் அடித்த மாதிரி.

"என்னா தம்பி, பட்டப் பகல்ல எதுக்கு இருட்டு?"

"தூங்கணும் மதாம். நைட் ஷிப்ட்."

"தூங்கு, யாரு வேணான்னா? ஒரு மணிக்கு சியெஸ்த் போடு, நாலு மணிக்கு எழுந்துக்க. நானும் அப்டித்தான். எந்த மனுஷன் காலங்காத்தால எட்டு மணிக்கு சியெஸ்த் போடுவான்?"

சியெஸ்த் என்றால் மதாம் அகராதியில் மத்தியானத் தூக்கம். ஒன்றிலிருந்து நாலு வரை. அந்த நேரத்தில் அவர் வீட்டு மணியை அடித்தவன் உருப்படமாட்டான். ஆனால் எட்டு மணித் தூக்கத்தை அவர் கடைசிவரை சியெஸ்த் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அது அவருக்குச் சோம்பேறித்தனம். ஆணிக்குப் பதில் ஒட்டுகிற கொக்கி வாங்கி மாட்டிக்கொண்டேன்.

வெளிச்சம் அடங்கியதும் சத்தம் தெரிய ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக். கழற்றி ஹாலுக்குக் கொண்டுபோனேன். பீரோ கதவு, மனைவி காலையில் சேலை எடுக்கத் திறந்தால் கிறீச்சென்று கத்தும். பீரோவையும் ஹாலுக்குத் தள்ளினேன். பிறகு அவளுடைய தையல் மெஷின். அது சத்தம் போடவில்லை, ஆனால் இருட்டில் நான் பாத்ரூமுக்கு எழுந்தால் கால் இடித்துக்கொண்டது. அதுவும் வெளியே. நிலைக்கண்ணாடி, கதவிடுக்கில் வருகிற துளி வெளிச்சத்தை வாங்கி நேரே என் முகத்தில் அடித்தது. அதுவும் வெளியே. வாசல் காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். எட்டு மணிக்கு மேல் மிக்ஸி போடக் கூடாது என்று சட்டம் போட்டேன். கதவிடுக்குக்குப் பழைய டவலைச் சுருட்டி வைத்தேன்.

ஒவ்வொன்றுக்கும் மனைவி, "செய்ங்க, நீங்க தூங்கினாப் போதும்" என்பாள். ஹாலில் நடக்கவே இடமில்லாமல் ஆனது. எனக்கு என்ன, நான் தூங்கத்தானே வருகிறேன்.

கட்டில்தான் பெரிய வில்லங்கம். எங்களுடையது கல்யாணத்துக்கு வாங்கிய டபுள் காட். தெற்கே தலை வைத்தால் ஸ்கிரீனையும் மீறி வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. கிழக்கே வைத்தால் தலைமாட்டிலேயே தெரு. மேற்கே வைக்கக் கதவு இடித்தது. வடக்கே வைத்தால் அருமையாக இருக்கும், ஆனால் மனைவி விடவில்லை. "வடக்கத் தலை வச்சிப் படுக்கறதுக்கு நீங்க தூங்காமலே இருக்கலாம்" என்றாள். அந்தக் கட்டிலை நானும் ஒரு வாரம் நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, தரையெல்லாம் கோடு விழுந்து, மதாமிடம் திட்டு வாங்கி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். டபுள் காட்டைப் பிரித்து மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, ஒரு சிங்கிள் காட் வாங்கினேன். தெற்கே தலை, இடது பக்கம் மேற்குச் சுவரை ஒட்டி. வெளிச்சம் எட்டவே எட்டாத மூலை.

"நான் எங்க படுக்கறது?" என்று கேட்டாள்.

"நீ ராத்திரி படுப்ப, நான் பகல்ல படுப்பேன். ஒரு கட்டிலு ரெண்டு பேருக்கும் தாராளம்" என்றேன். அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

"உங்களுக்கு லீவு நாளு வருமே?"

"அன்னைக்குப் பாத்துக்கலாம்."

ஒரு வாரம் அந்தக் கட்டிலில் படுத்தாள் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு காலை நான் வந்து பார்த்தால் ஜன்னல் பேப்பரில் ஒரு ஓரம் பிய்ந்து, அந்த ஓட்டை வழியாக வெயில் ஊசிமாதிரி தலையணையில் குத்திக்கொண்டிருந்தது. ராத்திரி காற்றே இல்லை, மூச்சு முட்டியது, அதனால் கொஞ்சம் திறந்தேன் என்றாள். நான் கத்தினேன். சாதாரணமாக இல்லை. "ஒரு மனுஷன் உசுரக் கையில புடிச்சிகிட்டு ரூம ரெடி பண்றான், ஒனக்குக் காத்து கேக்குதா?" என்றுவரை போய்விட்டேன். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அவள் போய்த் தோசையைத் திருப்பினாள். அதிலிருந்து ஹாலில் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். அதை நான் கவனித்தேனா என்று கேட்டால், பாய் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

எல்லாம் செய்தும் என்ன பிரயோசனம்? தூக்கம் வரவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன். பழைய இரும்பு, ஈயம், பித்தளை வாங்குகிற வண்டியில் ஒரு குரல், தண்ணீர்க்கேன் ஆட்டோ, மாடியில் மதாம் நாற்காலியை இழுப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, பத்தரை மணிக்கு வீராம்பட்டினத்திலிருந்து வரும் மீன்காரம்மா. அந்த அம்மாவின் தொண்டை கடலுக்கு எதிராகப் பேசிப் பழகிய தொண்டை. "மீனேய்! சங்கரா, நெத்திலி, மீனேய்!" என்று சரியாக என் ஜன்னலுக்கு அடியில் நின்றுதான் கூடையை இறக்கும். தினமும் லுங்கியோடு வெளியே ஓடிப்போய்ச் சண்டை போடுவேன்.

"ஏம்மா, இந்த வூட்டுக்கு முன்னாடி மட்டும் கத்தாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"இந்த வூட்டுக்கு மட்டும் தனியா ரோடு போட்டுக் குடுத்திருக்கியா? போப்பா, போய் மூஞ்சக் கழுவு. மணி பத்தர ஆவுது."

காதில் பஞ்சு வைத்தேன், புரண்டு படுத்தால் விழுந்தது. மகள் போனில் ஏதோ ரப்பர் தக்கை வாங்கச் சொன்னாள், காது வலித்தது. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காதில் பஞ்சை வைத்து, அது விழாமல் இருக்க வெள்ளைத் துண்டு ஒன்றை நீளமாக மடித்து, தாடைக்குக் கீழேயிருந்து ரெண்டு காதையும் மூடிக் கொண்டுவந்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அப்பாடா! உலகம் அணைந்துபோனது. மூன்று நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். மீன்காரம்மா வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எப்படி இருக்கிறேன் என்று கண்ணாடியில் பார்க்கத் தோன்றவில்லை. கண்ணாடிதான் ஹாலில் இருக்கிறதே.

நாலாம் நாள் எனக்கு ஜலதோஷம். படுக்குமுன் பஞ்சில் நீலகிரித் தைலம் நனைத்து ஒரு மூக்கில் வைத்துக்கொண்டேன். துண்டைக் கட்டினேன். சளியோடு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாது என்று வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டேன். கால் மட்டும் வெளியே. கொசுவுக்குப் பயந்து தலைமாட்டில் ரெண்டு ஊதுவத்தி. வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கதவைத் திறந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. நான் தலையாட்டினேன். அவள் போய்விட்டாள்.

அவள் சொன்னது, "மோட்டர் போட்டிருக்கு, ஆஃப் பண்ணிடுங்க."

மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, படியெல்லாம் தண்ணீர் ஓடி, மதாம் மேலிருந்து கூப்பிட்டிருக்கிறார். கீழே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். காலிங்பெல்லை அடித்திருக்கிறார், அதன் ஒயர் என் மேஜை டிராயரில் இருந்தது. மோட்டர் சுவிட்ச் எங்கள் ஹாலுக்குள். தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்து மோட்டரை அணைத்துவிட்டு, என்னை நாலு வார்த்தை கேட்கலாம் என்று படுக்கையறைக் கதவைத் தள்ளியிருக்கிறார்.

கும்மிருட்டு. ஊதுவத்தி வாசனை. கழுத்துவரை வெள்ளை வேட்டி. மூக்கில் பஞ்சு. தாடையிலிருந்து உச்சிக்கு வெள்ளைத் துணிக் கட்டு. எங்கள் பக்கத்தில் இப்படி நாடிக்கட்டு போடுவது யாருக்கு என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

"மொன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு அலறினாராம். நான் கேட்கவில்லை. ஓடிப்போய் என் சார்ட் பேப்பரைச் சரசரவென்று கிழித்து, ஐந்து மாதமாக நான் திறக்கவிடாத அந்த ஜன்னலைத் திறந்து, தெருவில் முதலில் கண்ணில் பட்ட ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். மணி பத்தரை. கண்ணில் பட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மீன்காரம்மா உள்ளே வந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. ஃபேன் காற்றில் அது சில்லிட்டுக் கிடந்தது. அவ்வளவு போதாதா? மதாம் என் மனைவிக்குப் போன் செய்து, "உன் வீட்டுக்காரரு... நீ ஒடனே வாம்மா" என்றார். அதற்குமேல் சொல்ல வாய் வராமல் வைத்துவிட்டார்.

எனக்கு விழிப்பு வந்தது வெளிச்சத்தால். கண் கூசியது. பஞ்சையும் துண்டையும் தாண்டி ஒரு பக்கம் ஜெபம் முணுமுணுப்பதும் இன்னொரு பக்கம் ஒரு பழகிய தொண்டை அழுவதும் காதில் விழுந்தது.

"ஏ ராசா, தெனம் தெனம் ஓடியாந்து என்னத் திட்டுவியே, இனிமே என்ன யாரு திட்டுவா!"

எனக்கு வந்த கோபம்! விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, ரோட்டுல கத்தறது பத்தாம வூட்டுக்குள்ளயே வந்துட்டியா?" என்றேன்.

மீன்காரம்மா வாசலைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். மதாம் அசையவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "இதான் ஒன் சியெஸ்த்தா? இதானாடா?"

தெருவே வாசலில் கூடிவிட்டது. விஷயம் புரிந்து ஆளாளுக்குச் சிரிக்க ஆரம்பித்தார்கள். மீன்காரம்மாவும் திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? துண்டை அவிழ்க்கக்கூட மறந்துபோய் வாசலில் நின்று, நான் துண்டு கட்டிய கதையை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மனைவியின் ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பியது.

வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அவள் வண்டிக்கு ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே கீழே சாயவிட்டுவிட்டு நடந்து வந்தாள். கடை யூனிபார்ம் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. கூட்டம் விலகியது. என்னைப் பார்த்தாள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், தினமும் செருப்பைக் கழற்றுகிற அதே படியில். மதாம் எல்லாரையும் துரத்திவிட்டு மாடிக்குப் போனார்.

"ஒண்ணும் இல்ல, சும்மா காதுக்குக் கட்டினேன்" என்றேன்.

"வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேங்க" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "கடைசியா உங்ககிட்ட என்னா பேசினேன்னு. மோட்டர ஆஃப் பண்ணுங்கன்னு சொன்னேன். நேத்து என்னா பேசினேன்? கேஸ் புக் பண்ணீங்களான்னு கேட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணும் ஞாபகம் வரல."

நான் உச்சந்தலை முடிச்சை அவிழ்த்தேன்.

"நீங்க தூங்கறப்ப மூஞ்சி எப்டி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். அதுவும் வரல. அஞ்சு மாசமாப் பாக்கவே இல்லையே. அந்தக் கதவுக்குள்ள நான் எங்க வர்றேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வெளியே தள்ளியவன், தள்ளியதெல்லாம் யாருடையது என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா? அவள் பீரோ, அவள் மெஷின், அவள் கண்ணாடி, அவள் படுக்கிற பாதிக் கட்டில்.

"கடைக்குப் போன் பண்ணி இன்னைக்கு வரலன்னு சொல்லிடுங்க" என்று எழுந்தாள். "கொஞ்ச நேரம் படுக்கறேன்."

ஹால் பக்கம் போய்ப் பாயை எடுக்கக் குனிந்தாள். நான் பாயைப் பிடுங்கி வைத்துவிட்டு, "உள்ள படு" என்றேன். அறைக்குள் போய் நின்று, கிழிந்து தொங்கிய பேப்பரையும் திறந்த ஜன்னலையும் பார்த்தாள். "மூடணுமா?" என்றாள். "வேணாம், காத்து வரட்டும்" என்றேன். ஸ்கிரீனை மட்டும் பாதி இழுத்துவிட்டேன். தலையணையில் தலை பட்டதுதான் தெரியும், தூங்கிப்போனாள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது, இரும்பு வண்டி போனது, வெளிச்சம் அவள் காலில் விழுந்தது. அவள் அசையவே இல்லை. நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவளுக்கு எவ்வளவு தூக்கம் பாக்கி இருந்திருக்கிறது!

நான் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மீன்காரம்மா அடுத்த தெருவை முடித்துக்கொண்டு திரும்பி வந்தது. வாயைத் திறக்குமுன் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இன்னாப்பா, திரும்பப் படுக்கப் போறியா?"

"நான் இல்ல. வூட்டுக்காரி தூங்குது."

மீன்காரம்மா ஜன்னலை ஒரு தரம் எட்டிப் பார்த்தது. பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தெரு முடிகிறவரை கூவாமல் நடந்தது. ஈர மாடிப்படியைத் துடைக்க மதாம் வாளியை லொடலொடவென்று இடித்துக்கொண்டு இறங்கினார். நான் உதட்டில் விரல் வைத்து, "மதாம், சியெஸ்த்" என்றேன். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மேலே போனார்.

அவள் கடைக்குச் சொன்ன கையோடு கம்பெனிக்கும் போன் செய்து நானும் இன்றைக்கு வரமாட்டேன் என்றேன். மாடிப்படிக்குக் கீழே போய் டபுள் காட்டின் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தூசி தட்டி வைத்தேன். ஒரு போல்ட்டைக் காணோம், தேடிக்கொண்டே இருந்தேன்.

ஐந்து மணிக்குமேல் உள்ளே எட்டிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, அடையாள அட்டை கழுத்தில் முறுக்கிக்கொண்டு கிடக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். அட்டையை மெல்லக் கழற்றினேன். கண்ணைத் திறக்காமலே, "விடிஞ்சிடுச்சாங்க?" என்றாள்.

"இல்ல, இன்னும் நேரம் இருக்கு. தூங்கு."

"ம்" என்று சொல்லிவிட்டு, பழைய கட்டிலில் எனக்கு எப்போதும் விடுகிற அளவுக்கு இடம் விட்டு, சுவரோரமாக நகர்ந்து ஒட்டிக்கொண்டாள். இந்தக் கட்டிலில் அவ்வளவு இடம் கிடையாது. முழங்காலும் நெற்றியும் சுவரில் இடிக்க, எனக்கு இடம் விட்டுவிட்டுத் தூங்கினாள்.